லாக்கர் இரண்டு பாட்டில் தீர்ந்தும் நகச்சொத்தை போகவில்லை, தப்பு எங்கே?

மருந்துமேசை கேட்டது:

வணக்கம். மருந்துக்கடைக்கு நகச்சொத்தை (நகத்தில் பூஞ்சைத் தொற்று) லாக்கர், அதாவது நகத்தின் மேல் பூசும் பூஞ்சை மருந்து, கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் மூன்று நான்கு மாதத்தில் திரும்பி வந்து "ஒண்ணும் கேட்கலை" என்கிறார்கள். மருந்து போலியா, போடும் முறை தப்பா, அல்லது அந்த நகத்துக்கு லாக்கரே பொருந்தாதா? பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் என்பதால் ஒரு சீட்டை வைத்தே கேட்கிறேன்.

58 வயது ஆண். வலது கால் பெருவிரல் நகம் முக்கால்வாசி மஞ்சளாகித் தடித்திருக்கிறது. அடியில் சுரண்டினால் மாவுபோல உதிர்கிறது. இடது பெருவிரலில் வெளி ஓரம் மட்டும், கால்வாசிக்குள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின். காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்சூல். அமோரோல்ஃபின் 5% லாக்கர் 2.5 மி.லி. பாட்டில் இரண்டு தீர்ந்துவிட்டது, நான்கு மாதம் ஆகிறது.

தெரிய வேண்டியவை இவை. லாக்கரைத் தொடரலாமா, மாத்திரைக்குப் போக வேண்டுமா? போனால் இந்தச் சீட்டோடு எது ஒத்துப்போகும்? லேப் பரிசோதனை உண்மையில் தேவையா, இல்லை பார்த்தாலே போதுமா? லாக்கர் பெட்டியில் வரும் அரத்தை எவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டும்? நகத்தைப் பிடுங்காமல் யூரியா போட்டுக் கரைப்பது எப்படி? டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கப் போவதில்லை. ஆனால் அவரை எங்கே, எதைக் கேட்கச் சொல்லி அனுப்புவது என்று தெரிந்தால் போதும்.

தோல்நோட்டம் எழுதியது:

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. இடது நகமும் வலது நகமும் ஒரே நோய் போலத் தெரிந்தாலும் வைத்தியத்தில் இரண்டும் வேறு.

லாக்கர் மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய நகம் எது? நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, நகப்பரப்பில் பாதிக்குக் கீழே நின்றிருக்க வேண்டும். நகம் முளைக்கிற இடம், அதாவது அடியில் வெள்ளைப் பிறை தெரிகிற பகுதி, தொடப்படாமல் இருக்க வேண்டும். மொத்தம் மூன்று நான்கு நகத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. மேற்பரப்பில் சுண்ணாம்புப் பொடிபோல வெள்ளையாகப் படிகிற வகைக்கும் லாக்கர் போதும், அதைச் சுரண்டினாலே பெரும்பகுதி வந்துவிடும். இவரது இடது நகம் இந்த வரம்புக்குள் வருகிறது. வலது நகம் வராது. முக்கால்வாசி போன தடித்த நகத்தில் மேலே பூசுகிற மருந்து, கிருமி இருக்கிற நகப்படுகைக்கு (நகத்துக்கு அடியிலுள்ள தோல்) இறங்கவே இறங்காது. மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு வகையும் லாக்கரை ஏமாற்றும். நகத்துக்குள் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு கோடு, நுனியிலிருந்து உள்நோக்கி ஈட்டிபோல ஓடியிருக்கும். பூஞ்சை அங்கே கட்டியாகக் குடியிருக்கிறது என்று பொருள். மாத்திரை கூட அதற்குள் சரியாகப் போகாது. அந்தக் கோட்டின் மேலிருக்கும் நகத்தை வெட்டித் திறந்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் எந்த மருந்தும் வேலை செய்யும்.

லாக்கர்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சைக்ளோபிராக்ஸ் 8% லாக்கரை 48 வாரம் தினமும் போட்டு நடந்த ஆய்வுகளில் கிருமியும் போய் நகமும் முழுதாகத் தெளிந்தவர்கள் 100 பேரில் 6 முதல் 9 பேர்தான். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தவர்கள் 29 முதல் 36 பேர். எஃபினகொனசோல் 10% கொஞ்சம் மேல்: முழுத் தெளிவு 15 முதல் 18 பேர், கிருமி நீங்கியது ஏறத்தாழ 55 பேர். டெர்பினாஃபின் மாத்திரையை 12 வாரம் எடுத்தவர்களை 48ஆவது வாரத்தில் பார்த்தபோது கிருமி நீங்கியது 70, நகமும் சேர்ந்து தெளிந்தது 38. இரண்டு எண்ணுக்கும் இடையே ஏன் இவ்வளவு இடைவெளி என்றால், கிருமி செத்த பிறகும் பல வருடம் நசுங்கிப்போன நகம் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. அது மருந்தின் தோல்வி ஆகாது.

இப்போது இந்தச் சீட்டுக்கு வருவோம். மாத்திரை மூன்றுதான் பேசத்தக்கவை.

இட்ராகொனசோல்: 200 மி.கி. தினமும் இரண்டு வேளை, மாதத்தில் ஒரு வாரம் மட்டும். கால் நகத்துக்கு மூன்று மாதம், கை நகத்துக்கு இரண்டு மாதம். இவருக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. காப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், பான்டோபிரசோல் அதைத்தான் குறைக்கிறது. டோம்பெரிடோனோடு சேர்க்கவே கூடாது, இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். அடோர்வாஸ்டாட்டினின் அளவு இரத்தத்தில் ஏறித் தசைவலி வரலாம். சிம்வாஸ்டாட்டினாக இருந்தால் பேச்சே இல்லை, தடை. இதயம் பலவீனமாகிக் கால் வீக்கம், மூச்சிரைப்பு உள்ளவருக்கு நகத்துக்காக இட்ராகொனசோல் எழுதவே கூடாது.

ஃப்ளூகொனசோல்: வாரம் ஒருமுறை 150 முதல் 300 மி.கி. ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது. ஆனால் கால் நகத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இழுக்கும். கிளிமிபிரைடு உடலில் கரைகிற வழியை இது அடைத்துவிடுவதால் சர்க்கரை திடீரென்று தாழும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்து.

டெர்பினாஃபின்: 250 மி.கி. தினம் ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். சர்க்கரை மாத்திரைகளோடு பெரிய மோதல் இல்லை, கொழுப்பு மாத்திரையோடும் இல்லை. பெரும்பாலான நகங்களில் இருக்கும் ட்ரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைக்கு இதுதான் முதல் தேர்வு. இவருக்கு ஒரே ஒரு முள்: அமிட்ரிப்டிலின். அது கரைகிற என்சைமை டெர்பினாஃபின் தடுக்கும். 10 மி.கி. குறைந்த அளவுதான் என்றாலும் வாய் வறட்சி, பகல் மயக்கம், படபடப்பு, சிறுநீர் தடைபடுதல் வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். அதை எழுதிய டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு மாற்று கேட்பது இன்னும் சுத்தம். மாற்றாக டுலாக்செட்டின் எழுதப்பட்டால் கவனம், அதுவும் ஓரளவு அதே வழியில்தான் கரைகிறது. மெட்டோபிரோலால் எடுக்கும் இதய நோயாளிக்கும் இதே பிரச்சினை, நாடி மிகவும் குறையலாம். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்கு டெர்பினாஃபின் கொடுத்தால் டமாக்சிஃபெனே சரியாக வேலை செய்யாமல் போகும். நகத்துக்காக அந்த விலை கொடுக்கக் கூடாது.

தொடங்கும் முன் கல்லீரல் என்சைம் இரண்டும் (ஏஎல்டி, ஏஎஸ்டி), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தாலோ, சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 50 மி.லி. அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ டெர்பினாஃபின் வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். கர்ப்பம், பாலூட்டும் காலம் என்றால் நகம் காத்திருக்கட்டும்.

படர்தாமரைக்கு இப்போது 500 மி.கி. எழுதும் பழக்கம் வந்திருக்கிறது. அதைப் பார்த்து நகத்துக்கும் இரட்டிப்பாக்க வேண்டாம்.

கேஓஹெச்_கண்ணாடி எழுதியது:

லேப் தேவையா என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சை. மீதியில் சொரியாசிஸ், இறுக்கமான ஷூவில் இடித்து இடித்துத் தடித்தது, லைக்கன் பிளானஸ் என்ற தோல் அழற்சி, வயோதிகம் எல்லாம் இருக்கிறது. சொரியாசிஸ் நகத்துக்கு மூன்று மாதம் டெர்பினாஃபின் தின்றால் கல்லீரலுக்கும் பர்சுக்கும்தான் செலவு. ஆகவே மாத்திரை என்ற சொல் வந்தவுடனே பரிசோதனை. மலிவானதும் அதுதான்.

ஆனால் மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகிறது. நகவெட்டியால் நுனியை வெட்டிப் பேப்பரில் மடித்துக் கொடுக்கிறார்கள். நுனியில் இருப்பது செத்த பூஞ்சையும் தெருத் தூசியில் வந்த பூஞ்சையும். உயிரோடு இருப்பது உள்ளே, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற எல்லையில்.

செய்ய வேண்டியது: 70% ஸ்பிரிட்டால் நகத்தைத் துடைத்து உலரவிட வேண்டும். தூக்கி நிற்கும் நகத்தை எவ்வளவு உள்ளே முடியுமோ அவ்வளவு உள்ளே வரை நிப்பரால் (தடித்த நகம் வெட்டும் கத்தரி) வெட்ட வேண்டும். முதலில் கொட்டுகிற மாவை ஒதுக்கிவிட்டு, எல்லைக்கு அருகே நகத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சின்னக் க்யூரெட்டாலோ (கரண்டிபோன்ற முனையுள்ள சுரண்டி) 15ஆம் எண் பிளேடாலோ சுரண்ட வேண்டும். ஒரு சிட்டிகை போதாது. கேஓஹெச்சுக்கு (பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நகத்தைக் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) தனி, கல்ச்சருக்கு (பூஞ்சையை வளர்த்துப் பெயர் கண்டுபிடிப்பது) தனி, முடிந்தால் வெட்டிய நகத் துண்டு ஒன்று பூஞ்சைக்கு நிறமேற்றிக் காட்டும் பிஏஎஸ் சாயத்துக்குத் தனி. மடித்த காகிதத்தில் உலர்ந்த நிலையில் அனுப்ப வேண்டும். மூடி இறுகிய டப்பாவில் ஈரத்தோடு போட்டால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது, இந்தப் பூஞ்சைகளில் சில குளிரைத் தாங்காது.

தோலுக்குப் போடும் 10% கேஓஹெச் நகத்துக்குப் போதாது. 20% அல்லது 40% போட்டு, நகத்துண்டு கூழாகும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். அவசரப்பட்டுப் பதினைந்து நிமிடத்தில் பார்த்து "இல்லை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

கல்ச்சருக்கு நான்கு வாரம். இங்கே ஒரு நுணுக்கம். தேவையில்லாத பூஞ்சை வளராமல் இருக்கச் சைக்ளோஹெக்ஸிமைடு சேர்த்த ஊடகத்தில் மட்டும் போடும் லேப்கள் உண்டு. நம் ஊர் போன்ற வெப்ப நாடுகளில் நகத்தைத் தாக்கும் நியோசைட்டலிடியம் என்ற பூஞ்சை அந்த ஊடகத்தில் வளராது. கேஓஹெச்சில் இழைகள் தெளிவாகத் தெரியும், கல்ச்சர் வெறுமையாக வரும், நகம் கருமை கலந்திருக்கும். அப்போது சைக்ளோஹெக்ஸிமைடு இல்லாத குழாயிலும் போட்டார்களா என்று கேளுங்கள். இந்தப் பூஞ்சை டெர்பினாஃபின் உட்பட வழக்கமான மாத்திரைகளுக்குச் சரியாக மசியாது என்பதால் பெயர் தெரிவது முக்கியம். கேண்டிடா என்று வந்தாலும் கதை மாறும், அதற்கு டெர்பினாஃபினைவிட இட்ராகொனசோலோ ஃப்ளூகொனசோலோ பொருத்தம்.

உங்கள் ஆள் நான்கு மாதம் லாக்கர் போட்டிருக்கிறார். குறைந்தது இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நகத்தில் ஊறிய மருந்து கல்ச்சரை அடக்கிவிடும். கேஓஹெச்சில் செத்த இழையும் உயிருள்ள இழையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பாதம்_பார்ப்பவர் எழுதியது:

அரத்தைப் பத்தி யாரும் பேசலையே! என்னைக் கேட்டா லாக்கரைவிட அரம் முக்கியம். பெட்டியில இருக்கிற அரத்தைப் பிரிக்காமலே திருப்பி வைச்சிருப்பாங்க. மேலே மேலே லாக்கர் பூசி, ஒரு வாரம் கழிச்சு அதுக்கு மேலேயே இன்னொரு பூச்சு. பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆகிடும், மருந்து உள்ளே போகாது.

முறை இப்படி. குளிச்சு முடிச்சு நகம் ஊறியிருக்கும்போது ஆரம்பிங்க. சர்க்கரை இருக்கிறவங்க சுடுதண்ணியில காலை ஊறவைக்க வேண்டாம், எரிச்சல் மருந்து சாப்பிடுறவருக்கு சூடு சரியாத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தளர்ந்து நிக்கிற நகத்தை நிப்பரால நேரா வெட்டுங்க, மூலையை ஆழமா குடையாதீங்க. ஒரே வெட்டுல முழுசா வெட்டினா தடிச்ச நகம் பிளந்து உள்ளே ஓடும், ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் கடியா வாங்க.

அப்புறம் அரம். முன்னும் பின்னும் இழுக்காம, ஒரே திசையில தேய்க்கணும். மஞ்சள் படலம் கரைஞ்சு நகம் வளையற அளவுக்கு மெலிசாகணும். விரலால அழுத்தினா கொஞ்சம் அமுங்குச்சுன்னா போதும். சூடு தெரிஞ்சாலோ, அடியில ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தாலோ அங்கேயே நிறுத்துங்க. முதல் நாளே எல்லாத்தையும் முடிக்கணும்னு நினைக்காதீங்க, தடிச்ச நகத்துக்கு மூணு நாலு வாரம் ஆகும். பறக்கிற தூள்ல பூஞ்சை இருக்கு, முகக்கவசம் போட்டுக்கிட்டு பழைய பேப்பர் விரிச்சுச் செய்யுங்க. சொத்தை நகத்துக்குப் போட்ட அரத்தை நல்ல நகத்துக்குப் போடவே கூடாது. வீட்ல எல்லாருக்கும் ஒரே நகவெட்டின்னா அதை இன்னிக்கே பிரிச்சு வைங்க.

தேய்ச்ச பிறகு ஸ்பிரிட் பஞ்சால பழைய லாக்கர், தூள், எண்ணெய்ப்பசை எல்லாத்தையும் துடைக்கணும். காய்ஞ்ச பிறகுதான் லாக்கர். நகம் முழுக்க, தூக்கி நிக்கிற நுனிக்கு அடியிலயும் போடணும். குச்சியை பாட்டில் வாயில தேய்ச்சு எடுக்காதீங்க, அது காய்ஞ்சு மூடி ஒட்டிக்கும், காத்து போய் மருந்து கெட்டியாகிடும். மூணு நிமிஷம் உலரட்டும்.

அமோரோல்ஃபின் வாரத்துக்கு ஒரு தரம், சில டாக்டர்கள் ரெண்டு தரம் சொல்வாங்க. ஒவ்வொரு தடவையும் அரம், ஸ்பிரிட், லாக்கர் மூணும் உண்டு. சைக்ளோபிராக்ஸ் அப்படி இல்லை. தினமும் படுக்கும் முன்ன, நகத்தைச் சுத்தி 5 மி.மீ. தோலையும் சேர்த்துப் போடணும், எட்டு மணி நேரம் தண்ணி படக்கூடாது. முந்தின நாள் பூச்சுக்கு மேலேயே போடலாம், ஏழாவது நாள் ஸ்பிரிட்டால எல்லாத்தையும் துடைச்சிட்டு மறுபடி புதுசா. ரெண்டையும் குழப்பிக்கிட்டு அமோரோல்ஃபினை தினமும் பூசுறவங்க இருக்காங்க, பாட்டில் அதனாலதான் சீக்கிரம் தீருது. ரெண்டு நகத்துக்கு நாலு மாசத்துல அஞ்சு மி.லி. செலவாகுதுன்னா எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருது. கேட்டுப் பாருங்க.

இப்ப யூரியா. பித்தவெடிப்புக்குக் கொடுக்கிற 10, 20 சதவீத கிரீம் நகத்தைக் கரைக்காது. 40% களிம்பு வேணும். இது கெட்ட நகத்தை மட்டும்தான் இளக்கும், நல்ல நகத்தைப் பெருசா தொடாது. அதான் இதோட அழகு. நகத்தைச் சுத்தி இருக்கிற தோல் மேல துணி பிளாஸ்டரை வெட்டி ஒட்டி, ஓரத்துல வாசலின் தடவணும். நகத்து மேல களிம்பை ஒரு ரூபாய் காசு கனத்துக்குக் கெட்டியா வைச்சு, பிளாஸ்டிக் தாள் சுத்தி, மேல பிளாஸ்டர் போட்டு மூடணும். ஒரே கட்டா அஞ்சு முதல் ஏழு நாள், தண்ணி படாம. பிரிச்சா நகம் ஊறின கொப்பரை மாதிரி மெத்துனு இருக்கும். மழுங்கின க்யூரெட்டால அந்த மெத்துப் பகுதியை மட்டும் தூக்கி எடுக்கணும், வலிச்சா அது நல்ல நகம், விட்டுடுங்க. எடுத்த பிறகு நகப்படுகையில நேரடியா பூஞ்சை கிரீம் போடலாம். வேலை சீக்கிரம் ஆகும்.

ஆனா கால் மரத்துப்போன, இரத்த ஓட்டம் குறைஞ்ச சர்க்கரைக்காரங்க இதை வீட்ல பண்ணவே கூடாது. நிப்பர், அரம் கூட அவங்களுக்கு இன்னொருத்தர்தான் பிடிக்கணும். கட்டுக்குள்ள தோல் வெந்து புண்ணானா நகம் போய் விரல் கணக்கு ஆகிடும். பாத கிளினிக்ல செஞ்சுக்கச் சொல்லுங்க.

காலையும் பாருங்க. உள்ளங்கால் முழுக்க காய்ஞ்சு, கோடு கோடா மாவு பூத்த மாதிரி இருக்கா? அதைப் பித்தவெடிப்புன்னு நினைச்சு கிரீம் தடவிக்கிட்டே இருப்பாங்க. பல பேருக்கு அதுவும் பூஞ்சைதான், நகத்துக்குப் போன கிருமி அங்கேயிருந்துதான் போச்சு. விரலிடுக்குச் சேத்துப்புண்ணும் அப்படித்தான். அதை விட்டுட்டு நகத்தை மட்டும் வைத்தியம் பண்ணினா ஓட்டை வாளியில தண்ணி ஊத்துற கதை.

மருந்துமேசை எழுதியது:

மேடம், கேட்டுப் பார்த்தேன். தினமும்தான் பூசியிருக்கிறார், அரம் பிரிக்கப்படவில்லை. இரண்டையும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

உள்ளங்காலும் நீங்கள் சொன்னபடியே. அதற்கு எந்த கிரீம், எத்தனை நாள்? ஸ்டீராய்டு கலந்த நாலு-மருந்து கிரீம் ஒன்று வீட்டில் வைத்திருக்கிறாராம். லேசர், மருதாணி இரண்டையும் பற்றியும் கேட்கிறார்.

தோல்நோட்டம் எழுதியது:

நாலு-மருந்து கிரீமைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்த்துவிடும். உள்ளங்காலுக்கு டெர்பினாஃபின் 1% கிரீம், இரண்டு வாரம், குதிகால் ஓரம்வரை. இடுக்கிலும் போடட்டும். க்ளோட்ரிமசோல் என்றால் காலை மாலை நான்கு வாரம், அரிப்பு நின்ற அன்றே நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை தொடங்கினால் தோலும் சேர்ந்தே தெளியும், ஆனாலும் முதல் இரண்டு வாரம் கிரீம் கூடவே இருக்கட்டும்.

லேசர்: 1064 நானோமீட்டர் என்டி-யாக் கருவிகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் கொடுத்த அனுமதி வாசகத்தைப் படித்தால் போதும். "தெளிவான நகம் தற்காலிகமாக அதிகரிக்க" என்றுதான் இருக்கிறது, பூஞ்சையைக் குணமாக்க என்று இல்லை. மாத்திரை எடுக்கவே முடியாதவருக்கு லாக்கரோடு துணையாக வைக்கலாம். முதல் வைத்தியமாக அதற்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மருதாணி அரைத்துக் கட்டுவதில் எனக்கு இருக்கும் சண்டை வேறு. நகம் செம்பழுப்பாகச் சாயம் ஏறிவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு முன்னேற்றமா பின்னேற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு முழுக்க ஈரப் பற்று வேறு. பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டுவதோ நேரடி ஆபத்து, தோல் வெந்து கொப்புளிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெருவிரல் நகத்தில் ஒற்றைக் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு வழிந்தாலோ அதற்கு லாக்கர் விற்காதீர்கள். மெலனோமா என்ற புற்றுநோய் அப்படித்தான் காட்டும். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே வரும், அது வேறு. பச்சை நிறம் என்றால் சூடோமோனாஸ் பாக்டீரியா. தண்ணீரில் வேலை செய்யும் கைகளில் நகக்கண் வீங்கி நாள்பட்டு நிற்பது பெரும்பாலும் ஈரத்தாலும் சோப்பாலும் வருகிற அழற்சி. அதற்குப் பூஞ்சை மாத்திரை கொடுத்துப் பயனில்லை, கையை உலர வைப்பதுதான் வைத்தியம்.

சீட்டு_சரிபார்ப்பு எழுதியது:

தோல்நோட்டம் சார், ஒரு சின்ன மறுப்பு. டெர்பினாஃபின் 12 வாரத்துக்கும் மாதாமாதம் கல்லீரல் டெஸ்ட் எழுதுகிறார்கள். அதைக் கேட்டுப் பயந்தே பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஒன்று போதாதா?

தோல்நோட்டம் எழுதியது:

நியாயம்தான். வேறு நோயில்லாத இளவயதினருக்குத் தொடக்க டெஸ்ட் சரியாக இருந்தால் நடுவில் எழுதுவதில் பெரிய லாபம் இல்லை. இந்த 58 வயதுக்காரருக்கு, இவ்வளவு மாத்திரைகளோடு, ஆறாவது வாரம் ஒன்று பார்ப்பேன். மது அருந்துகிறவர் என்றால் கட்டாயம். அடுத்த டெஸ்ட்டுக்கு முன்பே அறிகுறி வந்துவிடலாம் என்பதால் அதைச் சொல்லி அனுப்புவதுதான் முக்கியம்: சிறுநீர் கடும் மஞ்சளாவது, மலம் வெளுப்பது, வலது விலா அடியில் வலி, சாப்பாடே பிடிக்காமல் போவது. இதில் ஒன்று வந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு வர வேண்டும். நாக்கில் ருசி போனாலும் சொல்லச் சொல்லுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் சிலருக்குப் பல வாரம் ஆகும்.

பாதம்_பார்ப்பவர் எழுதியது:

கடைசியா ஒண்ணு. மூணு மாசத்துல திரும்பி வந்து "கேட்கலை"ன்னு சொல்றாங்களே, அதுல பாதிப்பேருக்கு மருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கும். கால் பெருவிரல் நகம் மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை மி.மீ.தான் வளரும். மூணு மாசத்துல நாலு மி.மீ. புது நகம். மீதி எல்லாம் பழைய சொத்தைதான், அது தானா தெளியாது, வளர்ந்து வெளியே போகணும். பெருவிரல் முழுசா மாற ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம். டெர்பினாஃபினை 12 வாரத்துல நிறுத்தினாலும் நகத்துக்குள்ள மாசக்கணக்கா தங்கி வேலை செய்யும்.

அதனால நகத்தைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க. சின்ன ஸ்கேலை நகக்கண் தோல்ல வைச்சு, நல்ல நகம் எத்தனை மி.மீ. வரைக்கும் இருக்குன்னு மாசம் ஒரே தேதியில அளந்து போட்டோவோட எழுதி வைங்க. எல்லை நுனிப்பக்கமா நகர்ந்துக்கிட்டே இருந்தா பொறுமையா இருங்க. நாலு மாசமா எல்லை அசையலைன்னாலோ, புது நகத்துக்குள்ளேயே மஞ்சள் ஏறினாலோ அப்பதான் மாதிரியை மறுபடி லேபுக்கு அனுப்பணும், பாட்டிலை மாத்துறதுல அர்த்தமில்லை.

சாக்ஸை 60 டிகிரி தண்ணியில துவைங்க. ஷூ ரெண்டு ஜோடி வைச்சு மாத்தி மாத்திப் போடணும், ஒரு நாள் முழுக்க காயணும். ரப்பர் செருப்பைச் சோப்புப் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு வெயில்ல வைங்க, குதிகால் பதிஞ்ச பள்ளத்துலதான் அழுக்கு ஒளிஞ்சிருக்கும். நகம் தெளிஞ்ச பிறகும் விரலிடுக்கை விட்டுடாதீங்க, சேத்துப்புண் திரும்பினா அன்னிக்கே கிரீம்.

மருந்துமேசை எழுதியது:

லாக்கரை நிறுத்தச் சொல்லியாயிற்று. இரண்டு வாரம் கழித்து மாதிரி. கல்லீரலும் கிரியாட்டினினும் அதே நாளில். இன்றைய அளவு: வலது பெருவிரலில் நல்ல நகம் 5 மி.மீ., இடது வெளி ஓரத்தில் 14. ரிப்போர்ட் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.